அலகில்லாத எண்ணும் எல்லையில்லாத அமைவும்



இயற்பியல் செய்முறைத் தேர்வில் தனி ஊசலைக் கொடுத்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்கிறோம். சில மாணவர்கள் அலைவுகளை ஒழுங்காக எண்ணி, கணக்கையும் சரியாகச் செய்து, கடைசி வரியில் 9.8 என்று மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவார்கள். அவர்களுக்கு முழு மதிப்பெண் கிடைப்பதில்லை. 9.8 என்றால் என்ன? மீட்டரா, கிராமா, வினாடியா? அலகு சேராத எண் பாதி விடைதான்.

இந்தக் கட்டுரை ஊசலைப் பற்றியது அன்று. இணையத்தில் பொருள் விற்கும் கடைகளை இயக்கும் மென்பொருளைப் பற்றியது. அதில் மாற்றங்களைச் செய்ய உதவும் ஒரு சிறு கருவியைப் பற்றியது. ஆனால் அங்கேயும் இதே பாடம்தான் வருகிறது. ஒரு மதிப்பை எழுதினால் போதாது. அந்த மதிப்பு எங்கிருந்து எங்குவரை செல்லும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்கத்தான் போகிறோம்.

பள்ளி அறிவிப்புப் பலகை

முதலில் உங்கள் பள்ளிக்கே போவோம். தலைமையாசிரியர் பலகையில் ஓர் அறிவிப்பு எழுதுகிறார்: "பள்ளி காலை 9.30 மணிக்குத் தொடங்கும்." இது எல்லோருக்கும் பொது. அதன் கீழே இன்னொரு வரி: "பத்தாம் வகுப்பு 8.30 மணிக்கு." அதற்கும் கீழே மூன்றாவது வரி: "பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு 8 மணிக்கு."

இப்போது ஏழாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன் எத்தனை மணிக்கு வர வேண்டும்? அவனுடைய பிரிவுக்குத் தனி வரி இல்லை. வகுப்புக்கும் இல்லை. ஆகவே பொது அறிவிப்பைப் பார்த்து 9.30 மணிக்கு வருவான். பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவிக்குப் பிரிவு வரி இல்லை, வகுப்பு வரி உண்டு, அவள் 8.30 மணிக்கு வருவாள். 'ஆ' பிரிவினர் மேலே எதையும் பார்க்க வேண்டியதில்லை. அவர்களுக்கு 8 மணி.

இதை யாரும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் ஒரு விதியை நீங்கள் பின்பற்றினீர்கள். எனக்கு மிக அருகில் உள்ள அறிவிப்பு எதுவோ அதுவே எனக்குப் பொருந்தும். அருகில் ஒன்றும் இல்லையென்றால் ஒரு படி மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்பதே அந்த விதி. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கணிப்பொறியும் இதையேதான் செய்கிறது.

கடைக்குள் மூன்று தட்டுகள்

இணையக் கடைகளை நடத்துவதற்கென்று பல மென்பொருள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று மெஜென்டோ. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இருந்த வேரியன் என்னும் நிறுவனம் இதை உருவாக்கி 2008ஆம் ஆண்டில் வெளியிட்டது. யாரும் மூல நிரலைப் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்னும் திறந்த முறையில் வந்ததால் பல நாடுகளில் பரவியது. 2011இல் ஈபே நிறுவனம் அதை வாங்கியது. இரண்டாம் தலைமுறையான மெஜென்டோ 2, 2015இல் வந்தது. 2018இல் அடோபி நிறுவனத்தின் கைக்குச் சென்றது.

இந்த மென்பொருளின் ஒரு சிறப்பு, ஒரே நிறுவலை வைத்துக்கொண்டு பல கடைகளை நடத்தலாம் என்பது. ஒரு வியாபாரி இசைக்கருவிகள் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவுக்கு ஒரு தளம், ஜெர்மனிக்கு ஒரு தளம். அமெரிக்கத் தளத்தை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பார்க்கலாம். ஜெர்மன் தளத்தை ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் பார்க்கலாம். ஆக வாடிக்கையாளர் கண்ணில் படும் முகப்புகள் நான்கு. பின்னால் இயங்கும் மென்பொருளோ ஒன்றே ஒன்று.

நான்கு முகப்புகளுக்கும் எல்லாமே ஒன்றாக இருக்க முடியாது. மொழி வேறு. நாணயம் வேறு. விலையைக் காட்டும் முறைகூட வேறு. ஜெர்மனியில் நுகர்வோருக்குக் காட்டும் விலை வரியும் சேர்ந்த முழு விலையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவிலோ விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது; வரி சேர்க்காத விலையைக் காட்டி, வரியைக் கடைசியில் சேர்ப்பதே அங்குப் பெரும்பாலும் வழக்கம். இப்படி மாற்றி வைக்கக்கூடிய ஒவ்வொன்றையும் 'அமைவு' என்போம்.

ஒவ்வோர் அமைவும் எதுவரை செல்லும் என்பதைக் காட்ட மெஜென்டோவில் மூன்று தட்டுகள் உள்ளன. மேல் தட்டு 'பொது'. அது எல்லாத் தளங்களுக்கும் உரியது. நடுத் தட்டு 'தளம்'. அது அமெரிக்கா அல்லது ஜெர்மனி போன்ற ஒரு தளத்துக்கு மட்டும். கீழ்த் தட்டு 'முகப்பு'. அது ஒரு தளத்தின் ஒரு மொழிப் பக்கத்துக்கு மட்டும். பள்ளி, வகுப்பு, பிரிவு என்று நாம் பார்த்த அதே ஏணி! ஆங்கிலத்தில் இதை ஸ்கோப் என்கிறார்கள். நாம் 'எல்லை' என்று வைத்துக்கொள்வோம்.

ஓர் எச்சரிக்கை. மெஜென்டோவின் கட்டளைகளில் கீழ்த் தட்டுக்கு 'ஸ்டோர்ஸ்' என்று பெயர். அதை வைத்து முழுக் கடை என்று எண்ணிவிடக்கூடாது. கடையின் ஒரு முகப்பு என்பதே அங்கு அதன் பொருள். புதிதாக வேலைக்கு வருபவர்கள் முதலில் இடறுவது இந்தப் பெயரில்தான்.

அட்டவணையில் ஒரு வரி

வியாபாரி செய்த மாற்றங்களை மெஜென்டோ எங்கே எழுதி வைக்கிறது? தகவல் தளத்தில் 'கோர் கான்ஃபிக் டேட்டா' என்னும் ஓர் அட்டவணை உண்டு. அதில் ஒவ்வொரு வரியிலும் முக்கியமாக நான்கு செய்திகள் இருக்கும்.

முதலாவது, எந்தத் தட்டு என்பது. இரண்டாவது, அந்தத் தட்டில் எத்தனையாம் எண் என்பது. பொதுத் தட்டின் எண் எப்போதும் 0. மூன்றாவது, அமைவின் பெயர். நான்காவது, மதிப்பு.

அமைவின் பெயர் மூன்று பகுதிகள் உடையது. நடுவே சாய்கோடுகள் இருக்கும். விலையைக் காட்டும் முறைக்கு 'டாக்ஸ்/டிஸ்ப்ளே/டைப்' என்று பெயர். மாவட்டம், வட்டம், ஊர் என்று முகவரி எழுதுவதைப் போலப் பெரிய பிரிவிலிருந்து சிறியதற்கு வருகிறது. அதன் மதிப்பு 1 என்றால் வரி சேர்க்காத விலை. 2 என்றால் வரி சேர்த்த விலை. 3 என்றால் இரண்டும்.

தட்டு, எண், பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த வரி அட்டவணையில் ஒன்றுதான் இருக்க முடியும். எண் மட்டும் ஒன்றாக இருந்தால் கவலை இல்லை. தளம் 2 என்பதும் முகப்பு 2 என்பதும் வேறு வேறு. வடக்குத் தெரு 2ஆம் எண் வீட்டுக் கடிதத்தைத் தெற்குத் தெரு 2ஆம் எண் வீட்டில் போடக்கூடாது அல்லவா? எண்ணைச் சரியாகச் சொல்லித் தட்டைத் தவறாகச் சொன்னால் அதுவேதான் நடக்கும்.

கணிப்பொறி தேடும் விதம்

நம் இசைக்கருவிக் கடைக்கு எண்கள் கொடுப்போம். அமெரிக்கா தளம் 1; அதில் ஆங்கிலம் முகப்பு 1, ஸ்பானியம் முகப்பு 2. ஜெர்மனி தளம் 2. அதில் ஜெர்மன் முகப்பு 3, ஆங்கிலம் முகப்பு 4. அட்டவணையில் ஆறு வரிகள் இருப்பதாகக் கொள்வோம்.

பொது 0 – விலை காட்டும் முறை – 1
தளம் 2 – விலை காட்டும் முறை – 2
பொது 0 – மொழி – ஆங்கிலம்
முகப்பு 2 – மொழி – ஸ்பானியம்
தளம் 2 – மொழி – ஜெர்மன்
முகப்பு 4 – மொழி – ஆங்கிலம்

பெர்லினில் வாழும் ஒருவர் முகப்பு 4ஐத் திறக்கிறார். விலையை எப்படிக் காட்ட வேண்டும்? முகப்பு 4க்கு வரி உண்டா? இல்லை. அது சேர்ந்த தளம் 2க்கு? உண்டு, மதிப்பு 2. தேடல் முடிந்தது. பொதுத் தட்டில் என்ன இருக்கிறது என்பது இனி ஒரு பொருட்டன்று. 100 யூரோ பெறுமானமுள்ள புல்லாங்குழலுக்கு 19 சதவீத வரி சேர்த்து 119 யூரோ என்று திரையில் வரும். மொழிக்கு முகப்பு 4லேயே வரி இருப்பதால் ஆங்கிலம்.

தளம் 2க்குரிய அந்த ஒரு வரியை யாரோ தவறுதலாக முகப்பு 2க்கு எழுதிவிட்டார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஜெர்மானியர் 100 யூரோ என்று பார்த்து வாங்க வருவார். பணம் கட்டும் இடத்தில் 119 கேட்கும். கடைக்காரர் சட்டத்தை மீறியவர் ஆவார். அமெரிக்காவின் ஸ்பானிய முகப்பிலோ காட்ட வேண்டாத வரி காட்டப்படும். எழுதிய மதிப்பு 2 என்பது சரிதான். அது போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு.

மூன்று தட்டுகளிலும் வரியே இல்லாவிட்டால்? அப்போதும் கணிப்பொறி விழிப்பதில்லை. மென்பொருளை எழுதியவர்கள் ஒவ்வொரு பகுதியோடும் தொடக்க மதிப்புகளைக் கோப்புகளில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள். அவை அட்டவணைக்கு அடியில் கிடக்கும் அடித்தளம் போன்றவை. ஆகவே அட்டவணையில் வரி இல்லை என்பதற்கு மதிப்பே இல்லை என்று பொருள் அன்று. இன்னும் யாரும் மாற்றவில்லை என்றே பொருள்.

நகலெடுத்தால் என்ன?

இங்கே ஒரு நல்ல கேள்வி எழ வேண்டும். இத்தனை சுற்று எதற்கு? ஒவ்வொரு முகப்புக்கும் எல்லா அமைவுகளையும் முழுதாக எழுதி வைத்துவிட்டால் தேடவே வேண்டாமே!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய வியாபாரிக்கு 30 முகப்புகள் என்க. அமைவுகள் 1000 என்க. முழு நகல் எடுத்தால் 30 × 1000 = 30,000 வரிகள். தட்டு முறையில் பொதுவுக்கு 1000; முகப்புக்கு ஐந்து வேறுபாடுகள் என்றால் 30 × 5 = 150. மொத்தம் 1150 வரிகள். தொடக்க மதிப்புகள் கோப்புகளிலேயே இருப்பதால் நடைமுறையில் இன்னும் குறையும்.

இடம் மிச்சமாவது சிறு லாபம். பெரிய லாபம் வேறு. கடையின் தொலைபேசி எண் மாறுகிறது. தட்டு முறையில் பொது வரி ஒன்றை மாற்றினால் முப்பது முகப்புகளும் மாறிவிடும். நகல் முறையில் முப்பது இடங்களில் மாற்ற வேண்டும்; இருபத்தொன்பதில் மாற்றி ஒன்றை மறப்பது மனித இயல்பு.

இதிலிருந்து ஒரு நுட்பமான உண்மை கிடைக்கிறது. எழுதாமல் விட்டிருப்பதும், மேலே உள்ள அதே மதிப்பைக் கீழேயும் எழுதி வைப்பதும் ஒன்றல்ல. இன்றைக்குப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மேல் வரி மாறும் நாளில்தான் வேறுபாடு தெரியும். எழுதாமல் விட்டது மேலோடு சேர்ந்து மாறும். எழுதி வைத்தது பழைய மதிப்பிலேயே நின்றுவிடும். மெஜென்டோவின் நிர்வாகத் திரையில் ஒவ்வோர் அமைவின் பக்கத்திலும் மேல் தட்டு மதிப்பையே பயன்படுத்துக என்று ஒரு சிறு கட்டம் இருப்பது இதற்காகத்தான். அந்தக் கட்டத்தில் குறி இருந்தால் அந்த முகப்புக்குத் தனி வரி இல்லை. குறியை எடுத்துவிட்டுச் சேமித்தால், மதிப்பை மாற்றாவிட்டாலும், தனி வரி ஒன்று பிறந்துவிடுகிறது.

கட்டளைக் கருவி

நிர்வாகத் திரை இருக்கும்போது தனிக் கருவி எதற்கு? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, முப்பது முகப்புகளில் ஒரே வேலையைச் சுட்டியால் முப்பது முறை செய்வது சலிப்பூட்டும். சலிப்பு வந்த இடத்தில் பிழையும் வரும். இரண்டு, திரையில் செய்த மாற்றத்தை அப்படியே இன்னொரு கணிப்பொறியில் திரும்பச் செய்ய முடியாது. கட்டளைகளைக் கோப்பில் எழுதி வைத்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்ப இயக்கலாம், பிறருக்கும் காட்டலாம். மூன்று, திரையே திறக்காமல் போகும் நேரமும் உண்டு. தளத்தின் இணைய முகவரியும் ஓர் அமைவுதான். அதைத் தவறாக எழுதிவிட்டால், திருத்துவதற்குரிய நிர்வாகப் பக்கமும் அந்தத் தவறான முகவரிக்கே போய்விடும். சாவியை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திய கதை! அப்போது பின்வாசல் ஒன்று வேண்டும்.

அத்தகைய கருவிகளில் பலரும் அறிந்தது என்98-மேஜ்ரன். ஜெர்மனியைச் சேர்ந்த நெட்ஸ்98 நிறுவனத்தினர் உருவாக்கியது. ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. பல வேலைகளுக்குப் பல கத்திகளை மடித்து வைத்த சுவிஸ் கைக்கத்தி போன்றது என்று அதை உருவாக்கியவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அதில் அமைவுகளுக்கென்று மூன்று கட்டளைகள் உள்ளன. பார்க்க ஒன்று, எழுத ஒன்று, அழிக்க ஒன்று. 'கான்ஃபிக்:ஸ்டோர்:கெட்', 'கான்ஃபிக்:ஸ்டோர்:செட்', 'கான்ஃபிக்:ஸ்டோர்:டிலீட்' என்பவை அவை.

எழுதும் கட்டளைக்கு நான்கு செய்திகள் தரலாம்: தட்டு, தட்டின் எண், அமைவின் பெயர், மதிப்பு. அட்டவணை வரியில் இருந்த அதே நான்கு! இவற்றுள் பெயரும் மதிப்பும் கட்டாயம். தட்டையும் எண்ணையும் சொல்லாமலும் விடலாம். விட்டால் கருவி என்ன செய்யும் தெரியுமா? உங்களைத் திருப்பிக் கேட்காது. பொதுத் தட்டு, எண் 0 என்று தானே எடுத்துக்கொள்ளும். ஒரு முகப்புக்காக நினைத்து எழுதியது, தனி வரி இல்லாத எல்லா முகப்புகளுக்கும் போய்விடும். பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு என்று தலைப்பிட மறந்துவிட்டு "நாளை விடுமுறை" என்று பலகையில் எழுதினால் என்ன நடக்கும்? அதுதான்.

பெயரில் ஓர் எழுத்துப் பிழை நேர்ந்தாலும் ஆபத்து உண்டு. தவறான பெயரோடு ஒரு வரி அட்டவணையில் ஏறிவிடும். அந்தப் பெயரை மென்பொருளின் எந்தப் பகுதியும் தேடி வராது. வரி எழுதப்பட்டதைக் கண்ணால் பார்த்தவர், வேலை முடிந்தது என்று நம்பிவிடுவார்.

என் மாணவி சொன்ன கதை

என்னிடம் இயற்பியல் படித்து, பின்பு மென்பொருள் துறைக்குப் போன மாணவி ஒருத்தி சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரிக்கு வந்திருந்தாள். பேச்சு வாக்கில் தனக்கு நேர்ந்த ஒன்றைச் சொன்னாள்.

புதிய நிரலைச் சோதிக்க, நடப்பில் இருக்கும் இணையக் கடையின் தகவல்களை அப்படியே நகலெடுத்து, தனியான சோதனைக் கணிப்பொறியில் ஏற்றுவது வழக்கம். நகலில் உண்மையான வாடிக்கையாளர்களின் பெயர்களும் மின்னஞ்சல் முகவரிகளும் இருக்கலாம். ஆகவே முதல் வேலையாக மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்கு 'சிஸ்டம்/எஸ்எம்டிபி/டிசேபிள்' என்று ஓர் அமைவு உண்டு. மதிப்பு 1 என்றால் கடிதம் போகாது. 0 என்றால் போகும். அவள் பொதுத் தட்டில் 1 என்று எழுதினாள். எழுதியதைச் சரிபார்க்கவும் செய்தாள். பொதுத் தட்டில் 1 என்றே இருந்தது. பிறகு சோதனைக்காகப் பல பழைய ஆணைகளை ரத்து செய்து பார்த்தாள்.

மறுநாள் காலை கடைக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. "பணம் கட்டிவிட்டேன், ஏன் என் ஆணையை ரத்து செய்தீர்கள்?" என்று மக்கள் கேட்டார்கள். எல்லோரும் ஒரே முகப்பைச் சேர்ந்தவர்கள்.

"சார், மேலே ஒன்று இருந்ததைப் பார்த்தேன். கீழே ஒரு முகப்பில் பூஜ்யம் இருந்ததைப் பார்க்கவில்லை" என்றாள்.

என்றோ ஒரு நாள் யாரோ அந்த முகப்பில் கட்டத்தின் குறியை எடுத்துவிட்டுச் சேமித்திருக்கிறார்கள். அப்போது பொதுவிலும் 0தான். யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. அந்த ஒரு வரி சத்தமின்றி அட்டவணையில் கிடந்தது. பொது மதிப்பு மாறிய நாளில் விழித்துக்கொண்டது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. கடிதம் எழுதும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொன்னாள். அதைக் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அவள் செய்திருக்க வேண்டியது என்ன? பார்க்கும் கட்டளைக்குத் தட்டைச் சொல்லாமல் அமைவின் பெயரை மட்டும் கொடுத்தால், அந்தப் பெயருக்கு எல்லாத் தட்டுகளிலும் உள்ள வரிகளை அது பட்டியலிடும். முதலில் அதைச் செய்ய வேண்டும். பிறகு, அந்த அமைவின் எல்லா வரிகளையும் அழிக்கும் கட்டளையால் துடைக்க வேண்டும். அதன் பின்னரே பொதுவில் 1 என்று எழுத வேண்டும். பார், துடை, எழு, மறுபடியும் பார். இந்த ஒழுங்கு சோதனைக் கணிப்பொறிக்கு உரியது என்பதையும் கவனியுங்கள். நடப்புக் கடையில் ஒரு முகப்பின் தனி வரி தக்க காரணத்தோடு எழுதப்பட்டதாக இருக்கலாம். அங்கே கேட்காமல் துடைக்கக்கூடாது.

விண்மீனின் பழைய ஒளி

இன்னும் ஒரு சங்கதி பாக்கி. எல்லாம் சரியாக எழுதியும் திரையில் மாற்றம் தெரியாமல் இருக்கலாம். ஏன்?

ஒரு பக்கத்தைக் காட்ட மென்பொருள் பல அமைவுகளைக் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் ஏணியில் ஏறி இறங்கினால் நேரம் வீணாகும். ஆகவே மூன்று தட்டுகளையும் ஒரு முறை ஒன்று சேர்த்து, ஒவ்வொரு முகப்புக்கும் முடிந்த முடிவான பட்டியலைத் தயாரித்துத் தற்காலிக நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு அந்தப் பட்டியலையே பார்க்கிறது. நீங்கள் அட்டவணையை மாற்றினாலும் பட்டியல் பழையதாகவே இருக்கும்.

இரவில் நாம் காணும் விண்மீனின் ஒளி பல ஆண்டுகளுக்கு முன் புறப்பட்டது. இன்றைய விண்மீனை அது காட்டுவதில்லை. அதுபோலத்தான் இதுவும். ஒரு நல்ல வேறுபாடு உண்டு: விண்மீன் ஒளியை நாம் விரைவுபடுத்த முடியாது, தற்காலிக நினைவைத் துடைக்க ஒரு கட்டளை போதும். அதை மறந்தவர்கள், மாற்றம் பலிக்கவில்லை என்று எண்ணி, அதே மதிப்பை வேறு தட்டுகளிலும் எழுதிப் பார்ப்பார்கள். அப்படித்தான் தேவையற்ற வரிகள் பிறக்கின்றன. அவற்றில் ஒன்று என்றோ ஒரு நாள் யாருடைய காலையோ வாரிவிடும்.

ஆகவே அடுத்த முறை விடைத்தாளில் 9.8 என்று எழுதும்போது ஒரு நொடி நில்லுங்கள். மீட்டர்/வினாடி² என்று சேர்ப்பது ஆசிரியரைத் திருப்திப்படுத்த மட்டும் அன்று. எண் எதைப் பற்றியது என்று சொல்லாவிட்டால், படிப்பவர் தமக்குத் தோன்றியதை எடுத்துக்கொள்வார். மனிதராவது நம்மைத் திருப்பிக் கேட்கக்கூடும். கணிப்பொறி கேட்பதில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

பள்ளி நூலகத்தில் ஒருவருக்கு 2 புத்தகங்கள் என்பது பொது விதி. பதினொன்றாம் வகுப்புக்கு 4 என்று தனி வரி உண்டு. பதினொன்றாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்கு 2 என்று இன்னொரு வரி உண்டு. வேறு வரிகள் இல்லை.

1. பொது விதியைத் தலைமையாசிரியர் 3 ஆக மாற்றுகிறார். எட்டாம் வகுப்பு 'அ', பதினொன்றாம் வகுப்பு 'அ', பதினொன்றாம் வகுப்பு 'ஆ' ஆகிய பிரிவினருக்கு எத்தனை புத்தகங்கள் கிடைக்கும்?

2. பிறகு 'ஆ' பிரிவின் வரியை நூலகர் அழித்துவிடுகிறார். அப்பிரிவினருக்கு இப்போது எத்தனை?

3. விதிவிலக்கே இல்லாமல் பள்ளி முழுதும் 5 புத்தகங்கள் தர வேண்டுமானால் குறைந்தது என்னென்ன செய்ய வேண்டும்? பொது வரியை 5 என்று திருத்தினால் மட்டும் போதுமா?

விடைகள்: 1. முறையே 3, 4, 2. 2. நான்கு. மூன்று என்று சொன்னவர்கள் ஏணியில் நடுப்படியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள். 3. போதாது. பதினொன்றாம் வகுப்பின் தனி வரியையும் அழிக்க வேண்டும்.